எண்ணெய் எங்கே போனது? சுன்னாகத்து நிலத்தடி நீர் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க எல்லாவற்றுக்கும் கிணறுதான். அந்தக் கிணறுகளுக்குத் தண்ணீர் தருவது நிலத்துக்குக் கீழே கிடக்கும் சுண்ணக்கல். மாரி மழை அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, உவர்நீருக்கு மேலே நன்னீராக நிற்கிறது. வலிகாமத்தில் இந்த நன்னீர் நிற்கும் பகுதியின் மேலேதான் சுன்னாகம் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து எண்ணெயில் இயங்கும் மின்நிலையம் நின்றதும் அங்கேதான். பின்னர் அதே இடத்தில் தனியார் மின் உற்பத்தியும் தொடங்கியது.

2013, 2014ஆம் ஆண்டுகளில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சோதித்தபோது, பல கிணறுகளில் எண்ணெய், கிரீஸ் அளவு குடிநீர்த் தரத்தை மீறியிருந்தது. சனம் தெருவுக்கு வந்தது. பவுசரில் தண்ணீர் வந்தது. வழக்கு மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்கும் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கும் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இலங்கைச் சட்டத்தில் உறுதிப்பட்ட முக்கியமான தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

இதற்கிடையே வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, அபாயகரமான பெற்றோலிய மாசு இல்லை என்ற பொருள்பட அறிக்கை கொடுத்தது. ஒரு பக்கம் இருக்கிறது என்றார்கள், மறுபக்கம் இல்லை என்றார்கள். பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்ட தாய்க்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் பல நம்பிக்கைகள் வளர்ந்தன. அவற்றில் பல இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய எண்ணெய் நிலையம், வாகனத் திருத்தகம், எரிபொருள் நிரப்பு நிலையம் இருந்த எந்த ஊருக்கும் அவை பொருந்தும்.

நம்பிக்கை: எண்ணெய் இருந்தால் கிணற்றில் படலம் தெரியும், மணக்கும். தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை.

பெற்றோலியம் என்பது ஒரு பொருளல்ல, நூற்றுக்கணக்கான ஐதரோகாபன்களின் கலவை. அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாது. அது மேலே மிதக்கும் அல்லது மண்ணில் ஒட்டி நிற்கும். ஆனால் பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் என்ற நான்கும் மற்றவற்றைவிட நன்றாகக் கரையும். கரைந்தபின் கண்ணுக்குத் தெரியாது. புற்றுநோயோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்ட பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு ஒரு லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். தண்ணீரில் பென்சீனை மூக்கு உணரத் தொடங்கும் அளவாக அதே நிறுவனம் சொல்வது ஏறத்தாழ 10 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். பென்சீன் மட்டும் இருக்கும் தண்ணீரில் மூக்கு எச்சரிக்கும்போது காலம் கடந்திருக்கும்.

தொலுயீனில் கதை தலைகீழ். அதன் வழிகாட்டு அளவு 0.7 மில்லிகிராம், ஆனால் அதற்கு வெகு கீழேயே மணம் தெரிந்துவிடும். ஆகவே மணம் வந்தால் அதைக் கட்டாயம் சாட்சியாக எடுக்க வேண்டும். மணம் இல்லாததை மட்டும் நிரபராதித் தீர்ப்பாக எடுக்கக்கூடாது.

மணம் சொல்லும் சாட்சியைத் தட்டிக்கழித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஹவாய்த் தீவுகளில் ரெட் ஹில் என்ற இடம் இருக்கிறது. 1940 முதல் 1943 வரை அமெரிக்கக் கடற்படை அங்கே மலையைக் குடைந்து 20 இராட்சதத் தாங்கிகளை அமைத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.7 கோடி லீற்றர் கொள்ளும். அவற்றின் அடியிலிருந்து வெறும் 30 மீற்றர் ஆழத்தில் ஒவாஹு தீவின் முக்கிய நிலத்தடி நன்னீர். 2021 நவம்பரில் எரிபொருள் கசிந்து குடிநீர்க் கிணற்றுக்குள் போனது. கடற்படைக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் மணக்கிறது என்றார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, தோலில் தடிப்பு என்றார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்த பதில், தண்ணீர் பாதுகாப்பற்றது என்பதற்கான அறிகுறி இல்லை என்பதே. அந்த விநியோகத்தை நம்பியிருந்தவர்கள் ஏறத்தாழ 93,000 பேர். ஆய்வுகூடம் பிறகு மக்களின் மூக்கு சொன்னதையே சொன்னது. 2022 மார்ச்சில் அந்த நிலையத்தை நிரந்தரமாக மூட அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் உத்தரவிட்டார்.

நம்பிக்கை: ஒரு நல்ல ஆய்வுகூடத்தில் கொடுத்தால் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று ஒரே சொல்லில் தெரிந்துவிடும்.

சுன்னாகத்தில் சனத்தை அதிகம் குழப்பியது இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

எண்ணெய், கிரீஸ் என்று அறிக்கைகளில் வரும் பரிசோதனை உண்மையில் எண்ணெயைத் தேடுவதில்லை. எக்சேன் போன்ற ஒரு கரைப்பானைத் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கி, அதில் கரைந்து வருவதைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி, மிச்சத்தை நிறுத்துப் பார்ப்பார்கள். கரைப்பானில் கரைவது எதுவானாலும் கணக்கில் சேரும். மின்நிலையக் கழிவு எண்ணெயும் சேரும், தேங்காயெண்ணெயும் சேரும், சவர்க்காரக் கொழுப்பும் சேரும், கிணற்றடியில் நிற்கும் இறைப்பு இயந்திரத்தின் மசகு எண்ணெயும் சேரும். மாறாக, பெற்றோலில் இருக்கும் பென்சீன் போன்ற ஆவியாகும் பொருட்கள் கரைப்பானோடு சேர்ந்து பறந்துவிடும். அவை இந்தப் பரிசோதனைக்கு அகப்படாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பென்சீன் குடும்பத்தை மட்டும் தேடும் பரிசோதனை இருக்கிறது. பெற்றோல் கசிவுக்கு அது மிகப் பொருத்தம். ஆனால் மின்நிலையங்கள் எரிப்பது டீசலும் உலை எண்ணெயும். அவற்றில் பென்சீன் மிகக் குறைவு. பாவித்து முடிந்த மசகு எண்ணெயில் வேறு சிக்கல்கள் உண்டு: பல வளைய ஐதரோகாபன்கள், உலோகங்கள். நிலத்தில் பல ஆண்டு கிடந்த எண்ணெயில் இருக்கும் கொஞ்சப் பென்சீனும் பக்டீரியாக்களால் உண்ணப்பட்டோ ஆவியாகியோ போயிருக்கும். அந்த நிலத்தில் பென்சீன் இல்லை என்ற முடிவு முழு உண்மையாக இருக்கலாம். அதைக் கொண்டு எண்ணெய் இல்லை என்று சொல்ல முடியாது.

எண்ணெய், கிரீஸ் கூடுதலாக இருக்கிறது என்பதும் பென்சீன் இல்லை என்பதும் ஒரே கிணற்றில் ஒரே நாளில் இரண்டுமே உண்மையாக இருக்க இடமுண்டு. இரண்டும் வெவ்வேறு கேள்விகளின் பதில்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்பதைச் சனத்துக்கு விளக்கிச் சொல்லவேண்டிய கடமை அறிக்கை எழுதியவர்களுக்கு இருந்தது. இவ்வளவு கோபத்துக்குப் பாதிக் காரணம் அந்த விளக்கம் உரிய நேரத்தில் வராததே என்பது என் எண்ணம்.

நடுவில் உள்ள வழி வாயு நிறப்பகுப்பு. பிரித்தெடுத்த எண்ணெயை மெல்லிய நீண்ட குழாயினூடே சூடாக்கிச் செலுத்தினால், எடை குறைந்த மூலக்கூறுகள் முதலிலும் கனமானவை பின்னரும் வெளிவரும். அதன் வரைபடம் எண்ணெயின் கைரேகை மாதிரி. டீசலுக்கு ஒரு வடிவம், மசகு எண்ணெய்க்கு வேறு வடிவம், தேங்காயெண்ணெய்க்கு முற்றிலும் வேறு. சிலிக்கா ஜெல்லினூடே முதலில் வடித்தால் தாவரக் கொழுப்பு பிடிபட்டு நின்றுவிடும், பெற்றோலியம் மட்டும் கீழே வரும். நேர்ச்சங்கிலி மூலக்கூறுகளைப் பக்டீரியா முதலில் தின்னும், கிளைச்சங்கிலிகளைக் கடைசியில்தான் தொடும். அந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தால், எண்ணெய் நிலத்தில் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று ஓரளவு மதிப்பிடலாம். மண்ணில் பழைய பெற்றோலின் ஈயம் அகப்பட்டால் அதுவும் ஒரு காலக்குறி, ஏனென்றால் இலங்கையில் ஈயம் சேர்த்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. பல நிறுவனங்கள் பல காலங்களில் எண்ணெய் கையாண்ட, போர்க்காலத்தில் எண்ணெய் நிலத்தில் ஓடியதென்றும் ஊரவர்கள் சொல்கிற ஓர் இடத்தில், எது யாருடையது என்று பிரிக்க இந்தக் கைரேகை தேவை.

அறிக்கையில் கண்டறியப்படவில்லை என்ற சொல்லைக் கண்டால், அதற்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஆய்வுகூடத்தால் காணமுடிந்த மிகக் குறைந்த அளவு. பென்சீனுக்குக் கண்டறியும் எல்லை 0.05 மில்லிகிராமாக இருக்கும் கருவி, வழிகாட்டு அளவைப்போல நான்கு மடங்கு இருந்தாலும் இல்லை என்றே எழுதும். அந்த எண் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நம்பிக்கை: சோடாப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும்.

போதாது. பிளாஸ்ரிக் போத்தலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடம் உள்ளே இருக்கும் தண்ணீரைச் சோதிக்கும்போது எண்ணெய் சுவரில் இருக்கும். எண்ணெய்க்கு வாயகன்ற கண்ணாடிப் போத்தல் வேண்டும். அதன் முழுத் தண்ணீரையும் சோதனைக்கு எடுத்து, போத்தலின் உட்சுவரையும் கரைப்பானால் கழுவிச் சேர்க்க வேண்டும். பென்சீன் குடும்பத்துக்கு 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பி. காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, அமிலத் துளி சேர்த்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 14 நாட்களுக்குள் சோதித்து முடிக்க வேண்டும். குமிழி இருந்தால் பென்சீன் அந்தக் குமிழிக்குள் ஏறிவிடும். வாளியால் அள்ளி, உயரத்திலிருந்து ஊற்றி, வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோன தண்ணீர் நல்ல முடிவையே தரும். அந்த முடிவு போத்தலைப் பற்றியது.

நம்பிக்கை: பக்கத்து வளவுக் கிணறு நல்லது, ஆகவே எங்கள் கிணறும் நல்லது.

மணல் நிலத்தில்கூட இது முழுச் சரியில்லை. வலிகாமத்தில் இதை நம்புவது ஆபத்து. சுண்ணக்கல்லைத் தண்ணீர் மெல்ல மெல்லக் கரைத்து வழிகளை உண்டாக்கியிருக்கிறது. நிலாவரைக் கிணறு அந்தக் கரைதலின் பெரிய அடையாளம்: மேலே நன்னீர், ஆழத்தில் உவர். கீரிமலைக் கேணிக்கு நன்னீர் ஊறி வருவதும் இத்தகைய வழிகளால்தான். ஒரு வெடிப்பு உங்கள் கிணற்றைத் தொட்டு அயல் கிணற்றைத் தொடாமல் போகலாம். எண்ணெய் அந்த வெடிப்பால் வந்தால் பத்து மீற்றர் தள்ளி இருக்கும் கிணறு சுத்தமாகவே இருக்கும்.

ஆய்வாளர்கள் வழக்கமாகக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகளை முக்கோணமாகத் தோண்டி, நீர்மட்டங்களை அளந்து, தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று கணிப்பார்கள். சுண்ணக்கல்லில் அந்தக் கணிப்பு ஏமாற்றலாம். பாதிப்பில்லாத ஒளிரும் சாயத்தை ஓரிடத்தில் விட்டு, எந்தக் கிணற்றில் எப்போது வெளிப்படுகிறது என்று பார்ப்பதே நம்பகமானது.

வீட்டுக் கிணறு கண்காணிப்புக் கிணறாகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கண்காணிப்புக் கிணறு ஒடுங்கிய குழாய். அதன் துளையுள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்கும்படி வைப்பார்கள், அப்போதுதான் மிதக்கும் எண்ணெய் உள்ளே வரமுடியும். துளைகள் முழுவதும் தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால், வெளியே எண்ணெய் மிதந்தாலும் குழாய்க்குள் ஒன்றும் தெரியாது. பழைய எண்ணெய் நிலம் எதைப் பற்றியும் அறிக்கை வந்தால் நான் முதலில் தேடுவது இந்த ஆழங்கள் எழுதிய அட்டவணையைத்தான்.

நம்பிக்கை: மாரியில் சோதித்தபோது எண்ணெய் இல்லை. ஆகவே போய்விட்டது.

மிதக்கும் எண்ணெய் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். கோடையில் மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூடவே இறங்கிப் பாறை வெடிப்பிலும் மண்ணிலும் பூசுப்படும். மாரியில் தண்ணீர் ஏறும்போது அந்த எண்ணெயில் ஒரு பகுதி நுண்துளைகளில் சிக்கித் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது கிணற்றைப் பார்த்தால் மிதப்பது எதுவுமில்லை. அடுத்த கோடையில் மட்டம் இறங்கினால் அது திரும்ப வெளிப்படும். ஒரே ஒரு பருவத்தில் எடுத்த மாதிரி பாதிக் கதை. மாரி முடிந்த உடனே ஒரு முறை, கோடையின் கடைசியில் ஒரு முறை என்று ஆண்டுக்கணக்கில் எடுத்தால்தான் போக்குத் தெரியும்.

நம்பிக்கை: கொதிக்க வைத்தால் சரி.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆவியாகும் ஐதரோகாபன்கள் தண்ணீரை விட்டுக் குசினிக் காற்றுக்குப் போகும், அங்கே நிற்பவர் அதைச் சுவாசிப்பார். கனமான எண்ணெய் பானையிலேயே இருக்கும். குளோரின் போடுவதும் இதற்கு உதவாது. உயிர்ப்பூட்டிய கரி பிடிக்கும், ஆனால் அது நிரம்பிய பிறகு பிடிக்காது, நிரம்பிவிட்டதென்று சொல்லவும் செய்யாது. குடாநாட்டில் இன்னொன்றும் உண்டு. உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருக்கிறது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி நைத்திரேற்றின் செறிவு ஏறும். எண்ணெய்ச் சர்ச்சையின் சத்தத்தில் இந்த நைத்திரேற்று மறக்கப்பட்டது எனக்கு இன்றும் கவலை. கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் எண்ணெய்ப் பரிசோதனையோடு அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

நம்பிக்கை: இயந்திரங்கள் நின்றுவிட்டன. இனி மழையே கழுவிவிடும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்ற ஊருக்கு அருகே 1979 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் லீற்றர் கொட்டியது. பெரும்பகுதியை அள்ளியும் எரித்தும் அகற்றினார்கள். சுமார் 4 இலட்சம் லீற்றர் நிலத்தில் நின்றது. 1983இலிருந்து அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் அந்த இடத்தை ஓர் ஆய்வுக்களமாகவே வைத்துப் படித்து வருகிறது. அங்கே கற்றது இரண்டு. முதலாவது, நிலத்திலுள்ள பக்டீரியாக்கள் ஒட்சிசன் தீர்ந்த பிறகும் இரும்பைப் பயன்படுத்தியும் மீதேன் உண்டாக்கியும் எண்ணெயைத் தின்கின்றன, அதனால் கரைந்த பென்சீன் தண்ணீர் போன தூரத்துக்குப் போகவில்லை. இது நல்ல செய்தி, பயம் பரப்புபவர்கள் சொல்லாமல் விடும் செய்தியும்கூட. இரண்டாவது, நாற்பது ஆண்டுகள் கழிந்தும் எண்ணெய் அங்கேயே இருக்கிறது.

பெமிட்ஜி மணல் நிலம். தண்ணீர் மணலுக்குள்ளால் மெல்ல ஊர்ந்து போகும்போது பக்டீரியாக்களுக்கு நேரம் கிடைக்கிறது. சுண்ணக்கல் வெடிப்பில் தண்ணீர் விரைவாக ஓடும், அவற்றுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் பெமிட்ஜியின் நம்பிக்கையை அப்படியே சுன்னாகத்துக்குக் கொண்டுவர முடியாது. இயற்கை தானே சுத்தமாக்குகிறது என்று ஒருவர் சொன்னால், அதற்கான அளவீட்டை அவர் காட்ட வேண்டும்: ஒட்சிசன் குறைந்திருக்கிறதா, கரைந்த இரும்பும் மீதேனும் கூடியிருக்கின்றனவா, ஆண்டுக்காண்டு ஐதரோகாபன் இறங்குகிறதா.

தாங்கியைத் தோண்டி எடுத்து, மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போய்விட்டால் நிலம் சுத்தம் என்பதும் இதன் தம்பிதான். தண்ணீரை இறைத்துச் சுத்திகரிக்கும்போது செறிவு இறங்கும், நிறுத்திய சில மாதங்களில் மறுபடி ஏறும். நுண்துளைகளில் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்ல மெல்லக் கரைந்து வருவதே காரணம். ஆகவே இறைப்பதை நிறுத்திய பிறகும் கண்காணிப்பைத் தொடர்வதே முறை.

நம்பிக்கை: நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது, விஷயம் முடிந்தது.

தீர்ப்பு பொறுப்பைத் தீர்மானிக்கிறது, இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. மண்ணுக்குள் எங்கே, எவ்வளவு, எந்த எண்ணெய் என்ற வரைபடத்தைத் தீர்ப்பால் வரைய முடியாது. அந்த வரைபடம் வேலைத்தளத்தின் வரலாற்றிலிருந்துதான் தொடங்கும்: தாங்கிகள் எங்கே நின்றன, குழாய்கள் எந்தப் பாதையில் போயின, கழிவு எண்ணெயை எங்கே கொட்டினார்கள். பழைய வரைபடங்களும் விமானப் படங்களும் கொஞ்சம் சொல்லும். மிச்சத்தை அங்கே வேலை செய்தவர்களே சொல்ல முடியும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அங்கே இயந்திரம் ஓட்டியவர்கள், எண்ணெய் மாற்றியவர்கள் இப்போது முதியவர்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் அழைத்து, நிலத்தில் நடக்க வைத்து, கைகாட்டும் இடத்தில் குறி வைத்து, அந்தக் குறியில் முதல் துளையைப் போட வேண்டும். துளையிலிருந்து வரும் மண்ணை அரை மீற்றருக்கு ஒரு தடவை பையில் அடைத்து, அதற்குள் சேரும் வாயுவைக் கைக்கருவியால் அளந்து, கூடிய அளவு காட்டும் ஆழத்து மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எண்கள் வந்ததும், கண்டறியும் எல்லையோடும் மாதிரி எடுத்த திகதியோடும் நீர்மட்டத்தோடும், வலிகாமம் தெற்குப் பிரதேச சபை வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும்.